கும்பிட்டவரின் படம்

திரையில் அந்தப் படம் விழுந்தபோது என் வாயில் சுண்டல் இருந்தது. பயிற்சி அரங்கத்தில் தேநீர் இடைவேளைக்குக் கொடுத்த சுண்டல். விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன். படத்தில் ஒரு மனிதர் மண்தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டுக்கொண்டிருக்கிறார். தலைக்கு முன்னால் அவருடைய துண்டு விரித்துக் கிடக்கிறது. பக்கத்தில் வெள்ளை வேட்டியும் வெறுங்காலுமாக எங்கள் காவல் நிலையத்தின் பழைய ஆய்வாளர் கைகூப்பி நிற்கிறார், முகத்தில் அடக்கமான புன்னகை. படத்துக்குக் கீழே ‘மலை மக்களின் மன்னிப்பு மரபு’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அந்த ஆய்வாளர்தான் இப்போது துணைக் கண்காணிப்பாளராகி, ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு எங்களுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். வகுப்பின் தலைப்பு, பண்பாட்டு விழிப்புணர்வும் பூசல் தீர்க்கும் திறனும். படத்தின் இடது ஓரத்தில் காக்கிக் கால்சட்டைக்குக் கீழே இரண்டு வெறுங்கால்கள் மட்டும் தெரியும். அவை என்னுடையவை. கொல்லிமலையில் அன்று காலையில் நான் நின்ற இடம் அது.

நான் மலையடிவாரத்தில் காரவள்ளிக்குப் பக்கத்து ஊர்க்காரி. அப்பா கொத்து வேலை செய்தவர். மலையைத் தினமும் பார்த்து வளர்ந்தாலும், காவலர் வேலை கிடைத்து மலைமேல் உள்ள நிலையத்துக்கு மாற்றலாகிப் போன பிறகுதான் அங்குள்ள மனிதர்களைத் தெரிந்துகொண்டேன். இந்த ஆய்வாளருக்கு முன்பும் பின்பும் வந்தவர்களில் பலர் கைநீட்டி அடிக்கிறவர்கள், வாய்க்கு வந்ததைப் பேசுகிறவர்கள். மலைக்காரர் யாராவது நிலையத்து வாசலில் தயங்கி நின்றாலே, ‘என்னடா திருட்டு முழி முழிக்கிறே’ என்று தொடங்குவார்கள். அவர்களை வெறுப்பது சுலபம். வெறுத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்னலாம். இவர் அப்படிப்பட்டவர் இல்லை. அதனால்தான் இத்தனை வருடங்களுக்குப் பிறகும் இவரை அப்படிச் சுலபமாக வெறுத்துவிட்டுப் போக என்னால் முடியவில்லை.

சும்மா சொல்லக்கூடாது, வந்து சேர்ந்த முதல் மாதத்தில் நாங்கள் எல்லாரும் அசந்துபோனோம். யாரிடமும் ஒருமையில் பேசமாட்டார். சாராய வழக்கில் பிடித்து வந்தவனைக்கூட ‘உட்காருங்க, சாப்பிட்டீங்களா’ என்று கேட்பார். எங்கேயோ இதே போன்ற ஒரு பயிற்சிக்குப் போய், கண்ணும் கருத்துமாகப் படித்துவிட்டு வந்திருந்தார். எந்த ஊருக்குப் போனாலும் எல்லையிலேயே ஜீப்பை நிறுத்திவிட்டு, காலணியைக் கழற்றி வண்டியில் வைத்துவிட்டுத்தான் நடப்பார். ஊர்த் தலைவரான ஊர்க் கவுண்டரைத் தேடிப்போய் வெற்றிலை பாக்கு வைத்துக் கும்பிடுவார். சாமைச் சோறு போட்டால் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவார், இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்குவார். எந்த நாளில் ஏர் பூட்டமாட்டார்கள், எந்தக் களத்தில் செருப்புக் கால் படக்கூடாது, சில ஊர்கள் சேர்ந்ததை மலையில் நாடு என்பார்களே, அதில் எந்த நாட்டுக்காரர் எந்த நாட்டில் பெண் எடுப்பார்கள் என்றெல்லாம் விசாரித்து மனதில் ஏற்றிக்கொள்வார். ‘இப்பிடி ஒரு ஐயாவெ நாங்க பாத்ததே இல்லீங்க’ என்று மலைக்காரர்கள் என்னிடம் சொன்னபோது, நானே அவரைப் பெற்று வளர்த்தவள் போலப் பெருமைப்பட்டேன். சாப்பிடும்போதும் கும்பிடும்போதும் யாராவது படம் எடுக்கிறார்களா என்று அவர் கண் ஓரத்தில் பார்த்துக்கொள்வதையும் நான் கவனிக்காமல் இல்லை. எல்லாரும் செய்கிறதுதானே என்று விட்டுவிட்டேன்.

திண்ணனூர் நாட்டில் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஏழெட்டு வீடுகள் கொண்ட ஒரு சிற்றூர் இருக்கிறது. அங்கிருந்து பஸ் நிற்கும் இடத்துக்கு, ரேஷன் கடைக்கு, பள்ளிக்கூடத்துக்கு எல்லாம் ஒரே ஒற்றையடித் தடம். பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து நடந்து நடந்து குழிந்துபோன தடம். அது ஒரு காப்பித் தோட்டத்தின் நடுவே போகிறது. அந்தத் தோட்டத்தைச் சமவெளியிலிருந்து வந்த கீழ்நாட்டு லாரி முதலாளி ஒருவர் வாங்கினார். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏற்றி, நடுவில் சுற்றுலாக்காரர்கள் தங்க ஓட்டு வீடுகள் கட்டத் தொடங்கினார். தங்க வருகிறவர்கள் காலையில் பல் துலக்கிக்கொண்டே மலையைப் பார்க்கும்போது, தலையில் மரவள்ளிக் கிழங்கு மூட்டையோடு யாராவது குறுக்கே போனால் அவருக்கு நன்றாக இல்லையாம். தடத்தை மூடப் பார்த்தார். அதை எதிர்த்து முன்னால் நின்று பேசியவர் அந்தச் சிற்றூரின் பலாமரத்தூட்டு அண்ணன். அவர் வீட்டு முன்னால் ஒரு பெரிய பலாமரம் உண்டு, அதனால் எல்லாருக்கும் அவர் பலாமரத்தூட்டுக்காரர், எனக்கு அண்ணன். கொஞ்சமாக மிளகும் சாமையும் மரவள்ளியும் போடுகிறவர். வாயில் விரல் வைத்தாலும் கடிக்கத் தெரியாத ஆள்தான், ஆனால் தடம் என்று வந்தபோது மட்டும் நகரவே மாட்டேன் என்றார். அவர் மனைவிக்கு முழங்கால் வலி. பைல் நாட்டில் இருக்கும் அம்மா வீட்டுக்கு அந்த அக்கா போவதென்றால், மெல்ல மெல்ல அந்தத் தடத்தில் நடந்து வந்துதான் பஸ் ஏற வேண்டும். அதை விட்டால் ஓடையில் இறங்கி, பாறை பிடித்து ஏறி, சுற்றிக்கொண்டு வர வேண்டும். அந்தக் காலோடு அது ஆகிற காரியமில்லை.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் தோட்டத்தில் வரிசையாக மிளகுக் கொடிகள் அடியில் வெட்டுப்பட்டு வாடிக் கிடந்தன. பலாமரத்தூட்டுக்காரன்தான் வெட்டினான், தடத்துக்காக வஞ்சம் தீர்த்துவிட்டான் என்று முதலாளி புகார் கொடுத்தார். அண்ணனை நிலையத்துக்கு வரச்சொல்லி அனுப்பினோம். வந்து நின்றார். ‘ஏனுங்க, கொடியெ வெட்டறதுக்கு நான் எதுக்குங்க போறேன், அதும் பயிருதானுங்களே’ என்றார். நானாக இருந்தால் அந்த ஒரு வார்த்தையோடு அவரை அனுப்பியிருப்பேன். பயிரை வெட்டுகிற கை மலைக்காரர் கை இல்லை. ஆய்வாளர் அவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தார். ‘போலீஸு, கோர்ட்டுன்னு உங்களெ அலைய வைக்க எனக்கு மனசு வரலைங்க. உங்க வழக்கப்படியே உங்க நாட்டுக் கூட்டத்துல வெச்சுப் பேசித் தீர்த்துக்கலாம். நானும் வந்து ஒரு ஓரமா நிக்கறேன்’ என்றார். அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. தங்கள் கூட்டத்தை ஒரு காக்கிச்சட்டைக்காரர் மதித்துக் கேட்டது அவர் வாழ்நாளில் முதல் முறையாக இருக்க வேண்டும்.

அந்தப் பக்கத்துக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. கோயிலுக்கு முன்னால் உள்ள களத்தில் பெரியவர்கள் உட்கார்ந்ததும், சண்டைக்காரர்கள் இரண்டு பேரும் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துத் தரையில் விரித்துக் கூட்டத்தை விழுந்து கும்பிட வேண்டும். குற்றம் சொன்னவரும் கும்பிட வேண்டும், சொல்லப்பட்டவரும் கும்பிட வேண்டும். தப்புச் செய்தேன் என்று அதற்கு அர்த்தமில்லை. என் கோபத்தை இங்கே இறக்கி வைக்கிறேன், கூட்டம் சொல்வதைக் கேட்கிறேன் என்று அர்த்தம். அதற்கு அப்புறம்தான் வாயைத் திறக்கலாம். கும்பிடாதவனுக்குப் பேச்சில்லை. பேசி முடித்து ஒரு முடிவுக்கு வந்த பிறகு ஊர்க் கவுண்டரே இரண்டு துண்டையும் எடுத்து மண்ணை உதறி அவரவர் தோளில் போடுவார். எவ்வளவு அழகான ஏற்பாடு என்று நான் பலமுறை நினைத்ததுண்டு. எங்கள் ஊர்ப் பஞ்சாயத்துகளில் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு எகிறிப் பாய்கிறவர்களையே பார்த்து வளர்ந்தவள் நான்.

அன்று காலை நாங்கள் எல்லாரும் எல்லையிலேயே காலணி கழற்றிவிட்டு நடந்தோம். ஆய்வாளர் இதற்கென்றே வேட்டி கட்டி வந்திருந்தார். முதலாளிக்கு மட்டும் யாரோ ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். அவர் காலணியைக் கழற்றினார், ஆனால் கும்பிடவில்லை. கீழ்நாட்டுக்காரர், வழக்கம் தெரியாதவர் என்று பெரியவர்கள் பெருந்தன்மையாக விட்டுவிட்டார்கள். அண்ணன் துண்டை எடுத்தார், இரண்டு கையாலும் சுருக்கம் நீவி விரித்தார், நெற்றி மண்ணில் பட விழுந்தார். அப்போது ஆய்வாளர் இரண்டடி நகர்ந்து அவர் பக்கத்தில் போய் நின்று கைகூப்பினார். ஜீப் ஓட்டுநரைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். ஓட்டுநர் போனை உயர்த்திப் படம் எடுத்தார். அண்ணன் எழுந்தார், நெற்றி மண்ணைக்கூடத் துடைக்காமல் தொண்டையைச் செருமினார். ஆய்வாளர் அவர் தோளில் மெதுவாகக் கை வைத்தார்.

‘போதும்ங்க. மனசார விழுந்து கும்பிட்டுட்டீங்க. இதுக்கு மேல ஒரு மனுசன் என்ன செய்ய முடியும்? நீங்க ஒண்ணுமே பேச வேண்டாம்’ என்றார். முதலாளி பக்கம் திரும்பி, ‘வருத்தத்தைத் தெரிவிச்சுட்டாருங்க. ஏழை மனுசன், கேஸு வேண்டாமே’ என்றார். முன்பே பேசி வைத்ததுபோல முதலாளி தலையாட்டினார். ‘கேஸு வேண்டாம்ங்க. தடமும் வேண்டாம்ங்க’ என்றார்.

அண்ணன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சொன்னார், ‘ஏனுங்க, நான் இன்னும் பேசவே இல்லீங்களே.’ இந்த ஒரு வாக்கியம் இன்றுவரை என் காதில் இருக்கிறது. சத்தமாகச் சொல்லவில்லை. பஸ்ஸில் சீட்டு வாங்குவதற்குள் கண்டக்டர் நகர்ந்துவிட்டால் சொல்வோமே, அந்த மாதிரி. ஊர்க் கவுண்டர் எழுந்து, ‘அது வழக்கம் இல்லீங்க சாமி, ரெண்டு பக்கமும் பேசோணும்’ என்றார். ஆய்வாளர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். தேன் தடவியதுபோலப் பேசினார். ‘நீங்க பெரியவங்க, உங்களுக்குத் தெரியாதது இல்லைங்க. இவ்வளவு பேரு பாக்க விழுந்து கும்பிட்டிருக்காரு, போட்டோவும் இருக்கு. இதெ விட்டுட்டு கேஸுன்னு போனா வக்கீலு, வாய்தா, ஜாமீன்னு அவருதானுங்களே கஷ்டப்படுவாரு. எது வேணுமோ நீங்களே சொல்லுங்க.’ ஊர்க் கவுண்டர் கையை விடுவித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஜாமீன் என்ற சொல்லுக்கு மலையில் எவ்வளவு பலம் என்று அவருக்குத் தெரியும். அண்ணனின் துண்டை யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. அவரே குனிந்து எடுத்துச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டார், தோளில் போடவில்லை.

திரும்பி வரும்போது என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ‘ஐயா, அது மன்னிப்பு இல்லீங்க. புகார் குடுத்தவங்களும் அப்படித்தான் விழுந்து கும்பிடோணும். அதுக்கப்புறம்தானுங்க பேச்சே’ என்றேன். அவர் முன்சீட்டில் உட்கார்ந்து, ஈரக் காகிதத்தால் கால் விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தக் களத்து மண்ணை. துடைத்த காகிதத்தை ஜன்னல் வழியாக எறிந்துவிட்டு, ‘தெரியும்மா’ என்றார். ‘எனக்குத் தெரியாதா? அந்தாளு நாற்காலியிலேயே உக்காந்திருந்ததெ நீங்க கவனிச்சீங்களா? அவரும் விழுந்திருந்தா இந்தப் படம் எதுக்காகும்?’ சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் புத்திசாலித்தனமான ஒன்றைக் கவனித்துவிட்டேன் என்று என்னைப் பாராட்டுகிற சிரிப்பு. தெரியாமல் செய்திருந்தால் திட்டிவிட்டுப் போகலாம், சொல்லிக் கொடுத்தால் திருந்தலாம் என்றாவது நினைக்கலாம். இவர் எல்லாம் தெரிந்துகொண்டு, அந்த மனிதர் எந்த நொடியில் நெற்றியை மண்ணில் வைப்பார் என்பதுவரை தெரிந்துகொண்டு, அந்த நொடிக்காகக் காத்திருந்திருக்கிறார். அவர் தின்ற சாமைச் சோறும் வைத்த வெற்றிலை பாக்கும் கழற்றிய காலணியும் ஒரே நேரத்தில் எனக்கு நாறத் தொடங்கின. கன்னத்தில் அறைகிற ஆய்வாளருக்குக் கை வலிக்கவாவது செய்யும்.

அடுத்த மாதமே உண்மை தானாக வெளியே வந்தது. புல் வெட்டும் மெஷினைப் புதிதாக வாங்கி, பழக்கமில்லாத ஒரு ஆளிடம் கொடுத்திருக்கிறார்கள். அவன் மரத்தடிப் புல்லோடு கொடியையும் சேர்த்து அறுத்துவிட்டிருக்கிறான். தோட்டத்துக் காவல்காரரே நிலையத்துக்கு வேறு வேலையாக வந்தபோது என்னிடம் சொன்னார். நான் சிற்றூருக்குப் போய் அண்ணனிடம் கேட்டேன். ‘அன்னைக்கு மிசினு சத்தம் கேட்டுதுங்க கண்ணு, அந்தப் பையன் வெட்டறதெ நானே பாத்தேன். அதெத்தான் கூட்டத்துல சொல்லலாம்னு எந்திரிச்சேன்’ என்றார். ஓடி வந்து ஆய்வாளரிடம் சொன்னேன். ‘ஆறிப்போனதெ எதுக்கும்மா கிளறறீங்க? ரெண்டு பக்கமும் அமைதியா இருக்காங்க’ என்றார். அமைதியாகத்தான் இருந்தார்கள். தடத்தின் இரண்டு முனையிலும் இரும்புக் கேட் போட்டு, நடுவே கம்பி வேலி ஓடியது. பிள்ளைகள் ஓடையில் இறங்கி ஏறிப் பள்ளிக்கூடம் போகக் கற்றுக்கொண்டன. பலாமரத்தூட்டு அக்கா வீட்டோடு இருந்துவிட்டார். பைல் நாட்டில் அவருடைய அம்மா இறந்தபோது அக்காவைத் தொட்டில் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஓடைப் பாறையைத் தாண்டி ரோட்டுக்கு வருவதற்குள் அங்கே உடலை எடுத்துவிட்டார்கள்.

ஆய்வாளர் பதவி உயர்வில் போய்விட்டார். நான் இன்னும் அதே நிலையத்தில்தான் இருக்கிறேன். போன வருடம் அண்ணனுக்கும் பங்காளி ஒருவருக்கும் வரப்புத் தகராறு. சின்ன விஷயம், அரை நாளில் பேசி முடித்துவிட்டுச் சேர்ந்து சாப்பிட்டுப் போகிற விஷயம். கூட்டம் போட்டார்கள். எனக்கும் அன்று அந்தப் பக்கம் வேலை இருந்ததால் போய் ஓரமாக நின்றேன். ஊர்க் கவுண்டர், ‘ம், கும்பிடுங்கப்பா’ என்றார். இரண்டு பேரும் துண்டைத் தோளிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்கள். களத்தைச் சுற்றி நின்ற ஆட்களின் கைகளைப் பார்த்தார்கள். யாரிடம் போன் இருக்கிறது என்று பார்க்கிறார்கள் என்பது எனக்குச் சற்று நேரம் கழித்துத்தான் உறைத்தது. ஊர்க் கவுண்டர் மறுபடி சொன்னார். அண்ணன் என் சீருடையைப் பார்த்தபடி, ‘ஒருக்கா குனிஞ்சதுக்கே எம்பட பொண்டாட்டி அவங்கம்மா மொகத்தெப் பாக்க முடியலீங்க. இனி குனிய மாட்டேனுங்க’ என்றார். கும்பிடாதவனுக்குப் பேச்சில்லை, அதனால் அன்று யாரும் பேசவில்லை. கூட்டம் கலைந்தது. மறுநாள் பங்காளிகள் இருவரும் தனித்தனியாக நிலையத்துக்கு வந்து ஆளுக்கொரு புகார் கொடுத்தார்கள். வாங்கி வைத்தவள் நான்தான். அதற்கு அப்புறம் ஒருவர் பின் ஒருவராக வந்துகொண்டே இருக்கிறார்கள். ஆடு மேய்ந்தது, கிளை விழுந்தது, கோழி காணவில்லை என்று எல்லாவற்றுக்கும்.

அரங்கத்தில் அந்தப் படத்துக்கு அடுத்ததாக ஒரு வரைபடம் வந்தது. மலையிலிருந்து வரும் புகார்கள் எப்படி ஏறிக்கொண்டே போகின்றன என்று காட்டும் கோடு. ‘முன்பெல்லாம் இந்த மக்கள் காவல் நிலையத்தின் பக்கமே வரமாட்டார்கள். இப்போது பாருங்கள். நாம் அவர்கள் பண்பாட்டை மதித்தோம், அவர்கள் நம்மை நம்பத் தொடங்கிவிட்டார்கள்’ என்றார் துணைக் கண்காணிப்பாளர். எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த இளம் உதவி ஆய்வாளர் ஒருவர், நல்ல பிள்ளைதான், போனை உயர்த்தி அந்தப் படத்தையே படம் எடுத்துக்கொண்டார். கேள்விகள் இருந்தால் கேட்கலாம் என்றார்கள். ஒலிவாங்கி வரிசை வரிசையாக வந்தது. நான் வாங்கிக்கொண்டு எழுந்தேன். என்னை அவருக்கு அடையாளம் தெரிந்தது. ‘அடடா, நீங்களும் அன்னைக்கு இருந்தீங்களே’ என்று சந்தோஷமாகச் சொன்னார்.

‘ஐயா, அந்த அண்ணன் கும்பிட்டு எந்திரிச்சதுக்கு அப்புறம் என்ன பேசினாருங்க?’ என்று கேட்டேன்.

அவர் ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. அரங்கத்தைப் பார்த்துத் திரும்பினார். ‘அருமையான கேள்வி. அவர் எதுவுமே பேசவில்லை. பேசத் தேவையே ஏற்படவில்லை. இந்த முறையின் வெற்றியே அதுதான், குறித்துக்கொள்ளுங்கள்’ என்றார். எல்லாரும் குறித்துக்கொண்டார்கள்.

‘நீங்க பேச விடலீங்க’ என்றேன். ஒலிவாங்கி அதற்குள் அடுத்த வரிசைக்குப் போயிருந்தது. என் வாய் அசைவதைப் பார்த்துவிட்டு, நான் நன்றி சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டு, அவர் மேடையிலிருந்து என்னைப் பார்த்துக் கைகூப்பினார்.